கம்பும் மூச்சும் மீட்டுத் தந்த எங்கள் அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நீங்கள் இலையில் அமர்ந்து சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போடும் நேரத்தில் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வந்திருக்கும். நல்லதை மட்டும் எழுதம்மா என்று உறவில் பெரியவர்கள் சிலர் சொல்லி அனுப்பினார்கள். அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். கசப்பை எல்லாம் எடுத்துவிட்டுப் படித்தபோது அதில் அண்ணன் இல்லை. யாரோ ஒரு நல்லவர் பிறந்தார், உழைத்தார், மறைந்தார். கிழித்துப் போட்டேன். அண்ணனுக்கு நல்லது எழுத வேண்டுமென்றால் வேறு சிலருக்குக் கெட்டது எழுதாமல் முடியாது. அவர்களும் இங்கே நம்மோடு இலை போட்டுச் சாப்பிட்டிருக்கலாம். செரிக்கட்டும்.

அண்ணன் பிறந்தது திருமங்கலத்துக்கு மேற்கே, பருத்தியும் சோளமும் விளையும் எங்கள் ஊரில். அப்பா காய்ச்சலில் போனபோது அண்ணன் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தார். நான் சின்னப் பெண். அம்மா மூலையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு ஏர் பிடித்தார். என் படிப்பை நிறுத்தச் சொல்லி ஊரே பேசியபோது, "அவ படிக்கட்டும், நான் படிச்ச மாதிரி வச்சுக்கிறேன்" என்றார். வெயிலில் முதுகு கறுத்து, மழை பொய்த்து, நிலம் சோறு போடாது என்று தெரிந்ததும், மதுரையில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் வரிசையில் நின்றார். நல்ல நெஞ்சகலம். சிறு வயதிலிருந்தே கம்பு சுற்றிய கைகள். உடனே எடுத்துக்கொண்டார்கள்.

மண்ணுக்குள் புதைத்த கண்ணிவெடிகளைத் தேடி எடுக்கும் பிரிவில் அவரைப் போட்டார்கள். எழுபத்தொன்றில் போர் வந்தது, சீக்கிரமே நின்றும் போனது. வெடிகளுக்கு அது தெரியாதே. எல்லையோரக் கோதுமை வயல்களில் அவை அப்படியே படுத்துக் கிடந்தன. அண்ணனும் கூட்டாளிகளும் மாதக்கணக்கில் மண்டியிட்டு, மண்ணைக் குத்திக் குத்தி, ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒரு நாள் காலையில், பேசிக்கொண்டே சற்று முன்னால் நடந்த கூட்டாளி பேச்சின் பாதியில் இல்லாமல் போனார். அன்று பகல் முழுவதும், மற்றவர்கள் வெடி இல்லாத வழி செய்து வந்து தூக்கும் வரை, அண்ணன் அவருக்குப் பக்கத்திலேயே அசையாமல் படுத்துக் கிடந்திருக்கிறார். இதை வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஒரே ஒருவரிடம் சொன்னார்.

பட்டாளத்தை விட்டு ஊர் திரும்பிய அண்ணன் உழுத நிலத்தில் கால் வைக்க மாட்டார். இதை நகரத்தில் இருப்பவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் அது சோற்றில் கை வைக்க மாட்டேன் என்பது போல. கட்டாந்தரையில் நடப்பார், வரப்பில் நடப்பார், கிளறிய மண்ணைக் கண்டதும் நின்றுவிடுவார். உதடு வெளுத்துவிடும். பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால் தொட்டவர் தரையில் கிடப்பார். உட்கார்ந்தால் முதுகுக்குச் சுவர் வேண்டும். தெருவில் ஒரு சாவு ஊர்வலத்தில் வேட்டுப் போட்டபோது, பக்கத்தில் நின்ற கிழவரை இழுத்துக் கீழே போட்டு, அவர் மேல் கவிழ்ந்து மூடிக்கொண்டார். பட்டாளத்துக்காரருக்கு மண்ணே ஆகாதாமே என்று டீக்கடையில் சிரித்தார்கள். பேய் என்றார்கள் சிலர். காப்பாற்றப் பார்த்தவரைப் பேய் என்று சொல்வதற்கு எவ்வளவு நிம்மதியான மனது வேண்டும்.

அப்போதுதான் மாமா வந்தார். மேலூர் பக்கம் கல்குவாரி வைத்திருந்த எங்கள் தாய்மாமன். அவர் மகள் அண்ணனுக்கு என்று பிள்ளைப் பருவத்திலேயே பேசி வைத்தது. காரை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்ள, சத்தத்துக்குச் சத்தந்தான் மருந்து. நம்ம குவாரியில தெனமும் வெடிதான். நாலு நாளு பயமா இருக்கும், அஞ்சாம் நாளு தாலாட்டு மாதிரி ஆயிரும். கெளம்பு."

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறந்த வீடு கை கொடுக்க வந்துவிட்டது என்று நினைத்தார். அண்ணன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

மாமா சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவர் குவாரியில் வெடி வைக்கத் தெரிந்த ஆள் வேலையை விட்டுப் போயிருந்தான். வேறு ஆள் கிடைக்கவில்லை. பட்டாளத்தில் வெடி கற்ற மருமகன் சோற்றுக்கு மட்டும் வருவான் என்றால் யாருக்குக் கசக்கும்? காபி கொண்டு போன நேரத்தில் மாமா கணக்குப்பிள்ளையிடம் சிரித்தபடி இதைச் சொன்னதை மாமாவின் மகளே கேட்டார். பிற்காலத்தில் எங்கள் மதினி ஆனவர் அவர். அவர் வாயால் கேட்டுத்தான் எழுதுகிறேன். மருந்து என்று பெயர் சொல்லி, எந்தச் சத்தம் அண்ணனைச் சிதைத்ததோ அந்தச் சத்தத்தை அவர் கையாலேயே உண்டாக்க வைத்தார்கள். பாறையில் துளை போடுவது, வெடிமருந்து அடைப்பது, திரியைக் கொளுத்துவது எல்லாம் அண்ணன் பிசகில்லாமல் செய்தார். கைகள் கட்டளைக்குப் பழகியவை. வெடித்து முடிந்ததும் அந்தக் கைகள் சோற்றைப் பிசையக்கூட முடியாமல் ஆடின.

ஒரு மத்தியானம் வைத்த வெடிகளில் ஒன்று வெடிக்கவில்லை. அப்படியானால் கிட்டப் போகக் கூடாது, நேரம் கொடுக்க வேண்டும் என்பது அந்த வேலையின் சட்டம். மாமாவின் மகனுக்கு லாரி காத்திருந்தது. போய்ப் பார் என்றான். அண்ணன் மாட்டேன் என்றார். உனக்குப் பயமா என்று அவன் தானே நடந்தான். அண்ணன் ஓடிப் போய் அவனை மறித்து நின்றார். அவன் சுற்றி வந்து, பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினான். அண்ணன் அவனைத் தூக்கி ஒரு பாறைக்குப் பின்னால் அடித்துப் போட்டு, அவன் மேல் விழுந்து மூடினார். அந்த நிமிடத்தில் அது வெடித்தது.

மாமா மகனுக்குக் கை முறிந்தது. அவ்வளவுதான். தலை, கண், உயிர் எல்லாம் இருந்தது. கல் உடைக்கும் பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆனால் மாலைக்குள் மேலூர் கடைவீதி முழுக்க ஒரே பேச்சு: பைத்தியக்காரன் முதலாளி மகனைக் கொல்லப் பார்த்தான்.

உயிரைக் காப்பாற்றத்தான் அண்ணன் தன் மேல் விழுந்தார் என்பது மாமா மகனுக்குத் தெரியும். கட்டுப் போட்ட கையோடு அவன் வாயைத் திறக்கவில்லை. அன்று மட்டுமல்ல, இன்றுவரை.

விஷயம் கேள்விப்பட்டு அம்மாவும் நானும் போனோம். டிரில் வாத்தியாரும் உடன் வந்தார். திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த அவர், அண்ணனின் பள்ளித் தோழர். கம்பு விளையாட்டில் எதிர் நின்றவர். குவாரியின் தகரக் கொட்டகைக்குள், பழைய எந்திரத்தின் சக்கரத்தோடு அண்ணனின் காலைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். வெளியே வெடி வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் தகரம் அதிர்ந்தது; சங்கிலி அதிர்ந்தது. அண்ணன் எங்களைப் பார்த்தார். யார் என்று கேட்பது போலப் பார்த்தார்.

"அண்ணே, எம் புள்ளய நாயக் கட்டுற மாதிரி கட்டிருக்கியே" என்றார் அம்மா. சத்தம் போடவில்லை.

"அவுத்து விட்டா ஊரையே அடிப்பான். நாளைக்குக் கோயில்ல கொண்டு போயி விடப் போறேன். பைத்தியங்களக் கட்டி வைக்கிற கோயிலு. அங்க இதவிடப் பெரிய சங்கிலி இருக்கு. எம் மகளப் பத்தி இனிமே பேசாத."

டிரில் வாத்தியார் சாவியைக் கேட்டார். கொடுக்காவிட்டால் மேலூர் போய் அரம் வாங்கி வருவதாகவும், வரும்போது போலீசும் கூட வரும் என்றும் மரியாதையாகவே சொன்னார். மாமா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தரையில் எறிந்தார். நான்தான் குனிந்து எடுத்தேன். அவர் காலடியில் கிடந்தது. குனிந்தவள் அதன் பிறகு இன்னும் சரியாக நிமிரவில்லை. இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

நான் அப்போது மதுரையில் ஆசிரியை. வடக்கு ஆவணி மூல வீதியில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தேன். அண்ணனை அங்கே கூட்டி வந்தேன். பெரியாஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தூக்கம் வந்தது, அண்ணன் வரவில்லை. வீட்டின் சொந்தக்காரர் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். நாங்கள் சாமி என்று கூப்பிடுவோம். விடிந்ததும் மொட்டை மாடியில் யோகாசனம் செய்வார். அண்ணனைப் பார்த்து மனது கேட்காமல் மாடிக்கு அழைத்தார். முதல் நாளே பெரிய தவறு நடந்தது. எல்லாருக்கும் சொல்வது போல, மல்லாந்து கண்ணை மூடிப் பிணம் போலக் கிடக்கச் சொன்னார். சவாசனம். உடம்புக்கு அதைவிட ஓய்வு இல்லை என்று புத்தகங்கள் சொல்லும். அண்ணன் படுத்தார், கண்ணை மூடினார். அடுத்த கணம் எழுந்து சாமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஏதோ வடநாட்டுப் பெயரைச் சொல்லிக் கத்தினார். மாடிப்படியில் நான் ஓடி வந்தபோது இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

மாமாவாக இருந்தால் சங்கிலி எடுத்திருப்பார். சாமி என்ன சொன்னார் தெரியுமா?

"தப்பு என் பேர்லம்மா. பொணத்துக்குப் பக்கத்துல படுத்துண்டு கெடந்தவரோ என்னவோ. அவர்ட்ட போய்ப் பொணம் மாதிரி படுங்கோன்னு சொல்லிட்டேனே."

யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவராகவே கண்டுகொண்டார். மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் மாற்றினார். படுக்க வேண்டாம், உட்கார்ந்தால் போதும். முதுகுக்குக் கைப்பிடிச் சுவர். கண் திறந்தே இருக்கலாம், கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சு நீளமாக இருந்தால் போதும். பின்னால் வந்து தொடுவதில்லை; முன்னால் வந்து, கையைத் தொடலாமா என்று கேட்டுத்தான் தொடுவார். போதும் என்று தோன்றினால் அண்ணனே எழுந்து போய்விடலாம், காரணம் சொல்ல வேண்டாம். வாரங்கள் போயின. மூச்சு அண்ணனுக்குள் பழைய வீட்டுக்குள் போகிற மாதிரி தயங்கித் தயங்கி, ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு போயிற்று. ஒரு நாள் காலை காபியை வாங்கிக் குடித்துவிட்டு, சர்க்கரை போடவில்லை என்றார். ஆறு மாதத்தில் அவர் சொன்ன முதல் குறை. நான் அடுப்படியில் போய் அழுதேன்.

சனிக்கிழமைதோறும் டிரில் வாத்தியார் இரண்டு கம்புகளோடு பஸ்ஸில் வருவார். கம்புக்கும் டிக்கெட் எடு என்று கண்டக்டர் ஒவ்வொரு முறையும் வம்பு செய்வாராம். காலையில் வைகை மணலுக்கு அண்ணனை அழைத்துப் போவார். பைத்தியத்தின் கையில் கம்பா என்று உறவெல்லாம் கொதித்தது. மாமா சொல்லியனுப்பிய வார்த்தைகளை இங்கே எழுதினால் இந்த மலரைப் பூஜையில் வைக்க முடியாது. முதல் நாள் அண்ணன் கம்பை வாங்கவே இல்லை. நான் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன் மண்டைய ஒடச்சிருவேன்டா" என்றார் அண்ணன்.

"ஒட. உள்ள ஒண்ணும் இருக்காது, பயப்படாத. இங்க பாரு மாப்ள. அங்கிட்டு உனக்கு அடி எங்கயிருந்து வரும்னு தெரியாது. மண்ணுக்குள்ளருந்து வரும், பின்னாடியிருந்து வரும். இங்க வாரது பூராம் நான்தான். நான் ஒருத்தன்தான். என்னையவே பாத்துக்கிட்டிரு."

தரையைத் தொட்டு, கண்ணில் ஒற்றி, கம்பைக் குறுக்கே பிடித்துக் கும்பிட்டுத் தொடங்கினார்கள். கம்போடு கம்பு மோதும் சத்தம். அண்ணன் முதலில் ஒவ்வொரு மோதலுக்கும் கண்ணைச் சுருக்கினார். பிறகு அந்தச் சத்தத்தைத் தானே உண்டாக்குகிறோம், வேண்டும் என்றால் நிறுத்தலாம் என்று அவர் உடம்புக்குத் தெரிந்தது. கடைசியில் மறுபடி கும்பிட்டார்கள். டிரில் வாத்தியார், "முடிஞ்சுச்சு. வீட்டுக்குப் போவோம்" என்றார். ஒவ்வொரு முறையும் இதை மறக்காமல் சொல்வார். முடிந்தது என்று அண்ணனிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. எல்லையில் சொல்லவில்லை. குவாரியிலும் சொல்லவில்லை.

பள்ளிப் பிள்ளையின் கையெழுத்து நேராவது போல அண்ணன் நேரானார் என்று எழுத மாட்டேன். நல்ல வாரமும் வந்தது, கெட்ட வாரமும் வந்தது. ஆனால் கெட்ட வாரத்துக்கும் ஒரு கரை தெரிந்தது. மணலில் வேடிக்கை பார்த்து நின்ற வாடிப்பட்டிக்காரர் ஒருவர், அவரும் பட்டாளத்திலிருந்து வந்தவர், பாலம் வந்தால் பயத்தில் லாரி ஓட்ட முடியாமல் வேலையை விட்டவர், நானும் சேர்ந்துகொள்ளவா என்று கேட்டார். சாமி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலுக்கே வந்து இருவருக்கும் மூச்சு சொல்லிக்கொடுத்தார்.

இந்த நேரத்தில் மேலூரில் மாமா தன் மகளுக்கு வேறு இடம் பார்த்துவிட்டார். முறைப் பையன் இருக்கும்போது அவனைக் கேட்காமல் பெண்ணைக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பைத்தியத்திடம் என்ன கேட்பது என்றார் மாமா. அதைத் தெருத் தெருவாகச் சொன்னார். பெண்ணைக் கொடுக்காததுகூடப் பெரிதல்ல. அண்ணன் மனிதர் கணக்கில் இல்லை என்று ஒரு வட்டாரமே ஒப்புக்கொள்ளும்படி செய்தார். மதினி அப்போது ஒரு காரியம் செய்தார். குவாரியில் கல் உடைக்கும் பெண் ஒருவரிடம் சொல்லியனுப்பினார்: மாட்டுப் பொங்கலுக்கு மேலூர் பக்கம் எங்கள் ஊரில் கம்பு விளையாட்டு இருக்கிறது, மச்சானை வரச் சொல்லு, எல்லாரும் பார்க்கட்டும்.

போனோம். டிரில் வாத்தியார், வாடிப்பட்டிக்காரர், சாமி, நான். எங்கள் பக்கத்து விளையாட்டில் கம்பின் நுனியில் துணி சுற்றி, கரியும் எண்ணெயும் குழைத்துத் தடவியிருப்பார்கள். அடித்து வீழ்த்த வேண்டியதில்லை, தொட்டால் போதும். யார் உடம்பில் கரி படுகிறதோ அவர் தோற்றவர். கம்பை ஊன்றி நிற்பவரை அடிக்கக் கூடாது. விழாத் தலைவர் நாற்காலியில் மாமா இருந்தார். அண்ணன் களத்தில் இறங்கியதும் கூட்டம் பின்வாங்கியது. எதிரே நிற்க ஆள் வரவில்லை. முறிந்த கை கூடி வந்த மாமா மகன் மீசையைத் தடவிக்கொண்டு இறங்கினான்.

கும்பிட்டார்கள். தொடங்கினார்கள். அண்ணன் அவனை விளையாட விட்டார். ஒரு நல்ல சுற்று முடிந்து, இரண்டாம் சுற்றில் அண்ணன் கை ஓங்கி வரும்போது, மைதானத்தின் விளிம்பில் அதிர்வேட்டு வெடித்தது. ஒன்றல்ல, ஒரு வரிசை. பூஜை நேரமில்லை, விழா முடியும் நேரமுமில்லை. அந்த நேரத்தில் அதற்கு வேறு வேலை கிடையாது. அண்ணன் நின்றுவிட்டார். உதடு வெளுத்தது. அதோ என்று சிரிக்கக் கூட்டம் வாயைத் திறந்தது. அண்ணன் கம்பை மண்ணில் ஊன்றினார். கண்ணை மூடவில்லை. கூட்டத்தில் எங்களோடு நின்ற சாமியைப் பார்த்தார். மூச்சை விட்டார். நீளமாக, தன்னுள் இருந்த புகையெல்லாம் போகிற மாதிரி விட்டார்.

ஊன்றி நின்றவரின் தலையில் மாமா மகன் ஓங்கி அடித்தான்.

இரத்தம் புருவத்தில் இறங்கியது. என் பக்கத்தில் நின்ற வாடிப்பட்டிக்காரர் களத்தில் குதிக்கப் போனார். டிரில் வாத்தியார் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அண்ணன் இன்னொரு மூச்சு விட்டார். பிறகு கம்பை எடுத்தார். நான் உண்மையைச் சொல்ல வேண்டும்: அவன் மண்டை உடைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். கம்பு அவன் கம்பைத் தட்டி ஒதுக்கியது. கழுத்தில் ஒரு பொட்டு வைத்தது. மறுபடி ஒதுக்கியது, நெஞ்சில் ஒரு பொட்டு. மூன்றாவது, நெற்றியில், நடுவில், பூசாரி வைப்பது போல மெதுவாக. அவன் பின்வாங்கி மைதானச் சுவரில் சாய்ந்துவிட்டான். அண்ணன் தரையைத் தொட்டுக் கும்பிட்டார்.

கூட்டத்தில் ஒரு கிழவர் சொன்னார்: "மூணு தடவ செத்துட்டான்யா. ஆனா ஆளு உசுரோட நிக்கிறான்."

யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து மதினி நடந்து வந்தார். நிச்சயம் ஆன பெண், அப்பா முன்னால், ஊர் முன்னால். தன் முந்தானையால் அண்ணனின் புருவத்தைத் துடைத்தார்.

"மச்சான், திருமங்கலம் பஸ்ஸு எப்ப?"

"மதுரையில எறங்கி மாறணும்" என்றார் அண்ணன்.

"சரி. நானும் வாரேன்."

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். போனால் இந்த வாசலை மறந்துவிடு என்றார். மதினி திரும்பிப் பார்த்தார்.

"வேட்டுக்காரனப் பாத்து நீங்க துண்டத் தூக்குனத நான் பாத்தேன்ப்பா."

திருப்பரங்குன்றத்தில் மாலை மாற்றினார்கள். சாமி வேட்டி எடுத்துக் கொடுத்தார். அன்று மாலையே நான் அண்ணனிடம் சொன்னேன்: கட்டியதற்கும் அடித்ததற்கும் போலீசில் எழுதிக் கொடுப்போம், விடக் கூடாது. அண்ணன் சிரித்தார். "கரி வச்சாச்சுல்ல, போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. அண்ணனுக்கு அடிபட்ட தலைவலி ஒரு வாரத்தில் போய்விட்டது. எனக்கு இன்னும் இருக்கிறது.

ஊரில் நிலத்தைப் பங்காளிகளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தோம். அண்ணன் அதைத் திரும்ப வாங்கினார். உழவு முடிந்த காலை. மதினி செருப்பில்லாமல் முன்னால் இறங்கி நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் திரும்பிப் பார்த்தார். அண்ணன் வரப்பில் நின்று மூச்சு விட்டார். மதினி கால் வைத்த இடத்தில் கால் வைத்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. மறு வரப்பில் ஏறியதும் இருவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டாளி செத்த கதையை அண்ணன் மதினியிடம் சொன்னது அப்போதுதான்.

பிறகு ஞாயிறுதோறும் எங்கள் கண்மாய்க் கரையில் காலைப் பயிற்சி. பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் வாடிப்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும்கூட வந்தார்கள். முதலில் கம்பு, பிறகு மூச்சு. யாரையும் பின்னாலிருந்து தொடக் கூடாது. என்ன பார்த்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. பிடிக்காதவர் தள்ளிப் போய் உட்காரலாம். முடிந்ததும், முடிந்தது என்று எல்லாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எல்லாரையும் மீட்டுவிட்டோம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒருவர் குடியிலேயே போய்ச் சேர்ந்தார். அண்ணன் அவர் பாடைக்குத் தோள் கொடுத்தார். தீபாவளிக்கு இவர்கள் யாரும் ஊரில் இருப்பதில்லை. வாடிப்பட்டிக்காரருடைய மைத்துனரின் தென்னந்தோப்பில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகு பலகாரத்துக்கு வருவார்கள். மதினி இரண்டு பிள்ளைகளுக்கும் புஸ்வாணம் மட்டும் வாங்குவார்.

அண்ணன் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தார். என்னைப் படிக்க வைத்தது போலவே. கடைசியாகப் போன ஆண்டு, விதைப்புக்கு முன், கண்மாய்க் கரையில் பயிற்சி முடித்துக் கும்பிட்டுவிட்டு, நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தார். டிரில் வாத்தியார் மடியில் தலை. மதுரைக்குக் கொண்டு வரும் வழியில் போய்விட்டார். வயது நாற்பதைத் தாண்டிச் சில ஆண்டுகள்தான்.

அன்று மாமா வந்தார். சர்க்கரை நோயில் கண் பார்வை போயிருந்தது. மகன் கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தான். பிறந்த வீட்டுக் கோடித் துணியைத் தட்டில் வைத்து நீட்டினார். கணவனை இழந்த பெண்ணுக்குப் பிறந்த வீடு போடும் துணி. அதை மறுப்பது எங்கள் பக்கம் கேள்விப்படாதது. மதினி மறுத்தார்.

"ஆளு இருக்கையில ஒரு துண்டு போட்டதில்ல. இத எடுத்துட்டுப் போங்கப்பா."

"நான் நல்லதுக்குத்தான ஆத்தா பண்ணேன்" என்றார் மாமா. "அந்தக் குவாரிச் சத்தத்துலதான அவன் தெளிஞ்சான்."

அதைத்தான் அவர் இத்தனை வருடமாக மேலூரில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. தன் வைத்தியத்தில்தான் மருமகன் தேறினான் என்று. சங்கிலி போட்டவரே சிகிச்சை செய்தவர் ஆகிவிட்டார். டிரில் வாத்தியார் எழுந்தார். உள்ளே போய்த் தான் வாங்கி வைத்திருந்த கோடியை எடுத்து வந்து, "அண்ணன் போடுறேன்மா, வாங்கிக்க" என்றார். மதினி அதை வாங்கிக்கொண்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர். சாமி, தவறை ஒப்புக்கொண்டு அன்றே மாற்றிக்கொண்டவர். டிரில் வாத்தியார், எல்லா அடியையும் முன்னாலிருந்து மட்டுமே கொடுத்தவர். அண்ணனின் பாடையைத் தூக்கவும் வேட்டுப் போடாமல் காவல் நிற்கவும் சீருடைப் பதக்கங்களோடு வந்த கண்மாய்க் கரை நண்பர்கள். செய்தி கொண்டு வந்ததற்காகக் குவாரியில் வேலையை இழந்த அந்தப் பெண். அவர் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். கொட்டகையில் அண்ணனைக் கட்டிப் போட்டிருந்தபோது வந்து பார்த்துவிட்டு, மாமா வீட்டில் காபி குடித்துவிட்டுப் போன உறவினர்களுக்கு நன்றி இல்லை. நீங்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

மாமாவுக்கு ஒரு பிரதியைத் தனியாகக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். யாராவது படித்துக் காட்டினால்தான் அவருக்குத் தெரியும். மாமா மகனே, நீங்களே படியுங்கள். கூடத்தில், மனைவி மக்கள் எல்லாரும் இருக்கும்போது, உரக்கப் படியுங்கள். குவாரி வரும் பக்கத்தில் குரலைத் தாழ்த்தாதீர்கள். இருமல் வந்தது என்று தாளைப் புரட்டாதீர்கள். யார் மேல் யார் விழுந்து மூடினார் என்ற இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, ஆமாம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். மாமா கையை உயர்த்துவார். இதோடு விடப்பா என்பார்.

மேலே படியுங்கள்.